நின்றுபோன முகம்

மகனின் முகம் மறுபடியும் நின்றுவிட்டது.

வாய் மூடியபடி, கண்கள் சற்றே தாழ்ந்தபடி, கணினித் திரையில் குணசேகரன் அசையாமல் இருந்தான்.

காது குத்துக்கு எப்போது வருகிறாய் என்று அப்போதுதான் கேட்டிருந்தேன்.

தாய்மாமன் மடியில் அமர்த்தாமல் எங்கள் பக்கத்தில் எந்தக் குழந்தைக்கும் காது குத்துவதில்லை. என் மகள் தாமரைச்செல்வியின் பெண் பள்ளிக்கே போகத் தொடங்கிவிட்டாள். காது இன்னும் மூளியாகவே இருக்கிறது. சம்பந்தி வீட்டார் சிரிக்கிறார்கள். குணசேகரன் மஸ்கட்டிலிருந்து வர வேண்டும். வரும் நாளைச் சொல்ல வேண்டும். அவ்வளவே.

அதைச் சொல்லவிடாமல் இந்த இயந்திரம் ஒவ்வொரு முறையும் கழுத்தறுக்கிறது.

செம்மேட்டில் இணைய மையம் வைத்திருக்கும் செல்வத்தை நான் விட்டுவைக்கவில்லை. நினைவகம் போதவில்லை என்றான், கூட்டச் சொன்னேன். வைரஸ் இருக்கலாம் என்றான், துடைக்கச் சொன்னேன். மலையில் மின்சாரம் ஏறி இறங்குகிறது என்றான். அதற்கும் ஒரு கருவியை வைக்கச் சொன்னேன்.

எதுவும் பலிக்கவில்லை. முகம் நிற்கும், பொத்தானை அழுத்தி அணைப்போம், அடுத்த முறை எழும்போது, முறையாக அணைக்கப்படவில்லை என்று அது எங்களையே குற்றம் சாட்டும். ஏன் அணைத்தீர்கள் என்று கேட்கும் நாகரிகம் அதற்குக் கிடையாது.

கடைசியில் செல்வம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இயங்குதளத்தையே புதிதாக நிறுவினான். அதன் குறைகளைத் திருத்தும் நிரல்களை ராசிபுரத்திலிருந்து குறுந்தகட்டில் வாங்கிவந்து ஏற்றினான். பகல் முழுதும் ஓடவிட்டும் பார்த்தானாம். இனி நிற்காது என்று அவன் உறுதி சொன்ன பிறகே, நானும் என் மனைவி பெருமாயியும் எங்கள் மலையூரான திருப்புலி நாட்டிலிருந்து இந்தப் பனியில் பேருந்தேறி வந்தோம்.

வந்து என்ன பயன்?

திருத்திவிட்டதாகச் சொல்ல உனக்கு வெட்கமாக இல்லையா என்று செல்வத்திடம் கேட்டேன். ஓய்வு பெறும்வரை எந்த மாணவனையும் இத்தனை முறை பொறுத்ததில்லை என்றேன். அணைக்கும் பொத்தானை நோக்கி நானே கையை நீட்டினேன்.

செல்வம் தடுத்தான். சுட்டியை நகர்த்திக் காட்டினான். திரையில் அம்பு தடையின்றி ஓடியது. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“சிஸ்டம் நிக்கலீங்க சார். லைனும் நல்லாத்தான் இருக்குதுங்க.”

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

மகனின் தலைக்குப் பின்னால் சன்னல் திரைச்சீலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

பெருமாயி எனக்கு முன்பே அதைப் பார்த்திருந்தாள். எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

“நின்னு போச்சு கண்ணு,” என்றாள் செல்வத்திடம். “அணைச்சிரு.”

அவன் தயங்கினான்.

நான் மைக்கை அருகில் இழுத்து, மகனுக்குத் தெளிவாகக் கேட்கும்படி, அந்த இயந்திரத்தை உரக்கத் திட்டத் தொடங்கினேன்.