வளைவில் கேட்ட ஹாரன்

"பாம்... பாம்... பாஆஆம்!"

வளைவில் மரலாரியின் ஹாரன் கேட்டதுதான் தாமதம், தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினாள் மருமகள். "அத்தை, உங்க புள்ள போறாரு!"

கட்டிலில் கிடந்த மாமியார், புரை விழுந்த கண்களை ஜன்னல் பக்கம் திருப்பினாள். "மெதுவாப் போகச் சொல்லுடி. எப்பப் பார்த்தாலும் கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்டுப் பறக்குறான்!"

லாரி போன அதிர்வில் பாத்திரங்கள் கடகடத்து அடங்கின. வாசலில் ஒரு செருமல். ஊர்ச் சங்கச் செயலாளர் தலையில் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டு நின்றார், கையில் மனுவோடு.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சும்மா, உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி. மரலாரி இனிமே இந்தக் கடலோர ரோட்டுல வரக்கூடாது, மலைப்பக்கமா சுத்திப் போகட்டும்னு எழுதியிருக்கோம். நாளைக்கு அதிகாரி வர்றார்."

"நான் போட மாட்டேன் சார்."

"என்னம்மா பேசுறே? பள்ளிக்கூடம் போன பிள்ளைங்க திரும்பி வர்ற வரைக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கோம். ரோட்டுல பாதியைக் கடல் தின்னுடுச்சு. எல்லாத்துக்கும் மேல, உன் புருஷனே..."

"ஐயோ, மெதுவா சார்!" கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை வேலியோரம் கூட்டிப்போனாள். "அத்தைக்குத் தெரியாது."

போன மழைக்காலத்தில், அந்த வளைவில்தான் அவன் ஓட்டிய லாரி பாரத்தோடு கடலில் சரிந்தது. லாரி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. சேதி கேட்டு விழுந்த மருமகள் அடுப்படிப் பாயிலேயே சுருண்டு கிடந்தாள். சோறும் இறங்கவில்லை, அழுகையும் வரவில்லை. பாவம், அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தானே!

அவனோடு லாரி ஓட்டிய மீசைக்காரர் துக்கம் கேட்க வந்தார். கிழவியின் கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்து, என்னத்தையோ பேசிச் சமாளித்துவிட்டுப் போனார்.

மறுநாள் வளைவில் அதே ஹாரன். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அவன் அடிப்பது போலவே. "ஏய், என் புள்ளையா பாருடி!" என்று மாமியார் கூப்பிட, இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, ஆமாம், இறங்கி வீட்டுக்கு வர நேரமில்லாமல் ஓடுகிறார் என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு லாரியும் அடிக்கிறது. ஒவ்வொரு முறையும் இவளுக்கு உடம்பு சிலிர்க்கும். அவன்தானோ என்று எட்டிப் பார்ப்பாள். ஸ்டியரிங்கில் வேறு யாரோ இருப்பார்கள்.

"கூடப் பழகின தோஷத்துக்கு அடிக்கிறாங்க சார். அந்தச் சத்தத்துலதான் அத்தை உசுரு ஓடுது. லாரி நின்னுட்டா புள்ள எங்கேன்னு கேப்பாங்க. நான் என்னத்தைச் சொல்வேன்?"

செயலாளர் மனுவை மடிக்கப் போனார்.

"போயிடாதீங்க தம்பி!" உள்ளேயிருந்து மாமியாரின் குரல். "அந்தக் காகிதத்தை இங்கே கொண்டாங்க. நான் பெருவிரல் வைக்கிறேன்."

மருமகள் பதறியடித்து ஓடினாள். "அத்தை! உங்க புள்ள பொழப்புல நீங்களே மண்ணைப் போடலாமா?"

மாமியார் காற்றில் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். புரை விழுந்த கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"இன்னொருத்தி புருஷனும் அந்த வளைவுல போகணுமா? போதும்டி. அந்த மீசைக்காரன்கிட்ட ஹாரன் அடிக்கச் சொன்னதே நான்தான். நீ பாயை விட்டு எழுந்திருக்கணுமே!"