நாக்குக்கு அடியில்

கரகண்டா நகரில், ஐந்தாம் மாடி வீட்டின் சன்னலோரம் மர்ஜான் வாயை இறுக மூடி நிற்கிறாள். ஆஸ்துமாவுக்கு டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து நாக்குக்கு அடியில் தேங்கிக் கிடக்கிறது. கொஞ்ச நேரம் விழுங்கவும் கூடாது, பேசவும் கூடாது. அவளுக்கு மூச்சு முட்டவைக்கும், மெத்தைத் தூசியில் வாழும் பூச்சியிலிருந்தும் அதன் எச்சத்திலிருந்தும் எடுத்த சாறு; உடம்பை அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவதற்காம். இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவள்போல் மாமியார் குல்யாஷ், மரப்பெட்டிமேல் கூரைவரை அடுக்கிய பட்டு மெத்தைகளை, மாலையில் வரப்போகும் விருந்தாளிகளுக்காக ஒவ்வொன்றாக இறக்கித் தட்டுகிறாள். வெயிலில் தூசி எழுந்து மிதக்கிறது. மர்ஜானுக்கு நெஞ்சு இறுகுகிறது. "எங்க வீட்டு கௌரவமே இந்த மெத்தைங்கதான். இதுல படுத்தா மகாராணிக்கு மூச்சு முட்டுதாம். பூச்சியை நக்குறதுக்கு மட்டும் முட்டலையாக்கும். அந்தக் கருமம் புடிச்ச பூச்சியை இந்த வீட்டுக்கு எங்கேருந்துதான் கொண்டு வந்தியோ." சொல்லிவிட்டு, குல்யாஷ் மெத்தையில் கன்னத்தை வைத்து ஆசையாகத் தேய்த்துக்கொள்கிறாள். மர்ஜான் கண்ணை மூடிக்கொண்டு மருந்தை விழுங்குகிறாள். "நான் கொண்டு வரல அத்தை. இதுல படுத்தவங்க உடம்புலேருந்து உதிர்ற தோலைத் தின்னுதான் அது வளருது. வந்துபோன விருந்தாளிங்க, நீங்க, எல்லார் தோலும்தான்." குல்யாஷ் கன்னத்தை எடுக்கிறாள். உள்ளங்கையால் அழுத்தித் துடைக்கிறாள். பிறகு அந்தக் கையை எதில் துடைப்பதென்று தெரியாமல், விரித்துப் பிடித்தபடி நிற்கிறாள்.