சாயம் போகாத பாலன்

ஆலப்புழைக் கடற்கரைக் கோயிலில் கிறிஸ்துமஸ் பூசை முடிந்து, பாலன் இயேசுவை முத்தமிட வரிசை நகர்கிறது. முத்தத்தில் சாயம் போகிறதென்று பங்குத்தந்தை இந்த வருடம் சொரூபத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டார். உதடு பதிந்த இடத்தையெல்லாம் கோயில் பணிவிடை பார்க்கும் கப்பியார் அவுசேப்பு ஈரத்துணியால் துடைக்க, கண்ணாடி கீச்சிடுகிறது. அந்தச் சத்தத்தில், வரிசையில் நிற்கும் கொச்சுத்ரேசியாவுக்குப் பல் கூசுகிறது. குறைமாதத்தில் பிறந்த அவள் மகன் ஆஸ்பத்திரியில் இப்படியொரு பெட்டிக்குள்தான் கிடக்கிறான். அவளுக்கு இன்னும் தொட அனுமதியில்லை. முறை வந்தும் குனியாமல் நிற்கிறாள். "முத்தி செஞ்சுட்டு நகரு மோளே, பின்னால ஆளு நிக்குது," என்கிறார் அவுசேப்பு. "தொடக்கூடாதுன்னா இவரு மேலேயே இருந்திருக்கலாமே சேட்டா, எதுக்கு எறங்கி வந்தாராம்?" துணி பாதியில் நிற்கிறது. பங்குத்தந்தை பக்கம் திரும்பாமலே அவுசேப்பு பூட்டைத் திறக்கிறார். அவள் முத்தமிடவில்லை. மூச்சு ஓடுகிறதா என்று பார்ப்பதுபோல் அந்தக் களிமண் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைக்கிறாள், எடுக்கவில்லை.