எட்டு மணி ரிப்பேர்

புது ரவுட்டர் வந்த நாளிலிருந்து, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நெட் போய்விடும். திரும்ப வர அரைமணி நேரமாகும்.

"அதோட சாஃப்ட்வேர் இன்னும் பக்குவப்படலை சார். அப்டேட் வரும்" என்று கம்பெனிக்காரர்கள் கையை விரித்தார்கள்.

வேறு வழியில்லாமல் அப்பா, அம்மா, மகள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து, கதை பேசிச் சாப்பிடுவார்கள்.

அன்று வெளியூரிலிருந்த அப்பா எட்டேகாலுக்குப் போன் செய்தார். "நெட் இருக்காம்மா?"

"வழக்கம்போல போயிடுச்சுப்பா. நானும் அம்மாவும் சாப்பிட்டுட்டு இருக்கோம்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்டேட் வந்து கோளாறு சரியாகி ஒரு மாதமாகிறது. அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்கு நைசாக ரவுட்டரை அணைத்துவந்தது அவர்தான்.

"கம்பெனியில புகார் பண்ணட்டுமா?"

"வேணாம்பா" என்றாள் மகள் அவசரமாக. "பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க."