புது மீட்டர் பொய் சொல்லாது

பழைய கேரவனை வாங்க ஞாயிறன்று மாரிபோரிலிருந்து ஆள் வருகிறார். அதற்குள் அதன் தண்ணீர்த் தொட்டி மீட்டரை மாற்றிவிட, போகோமிர் தன் நண்பர் லுட்விக்கைக் கூப்பிட்டிருந்தார். பழைய மீட்டரில் நாலு விளக்கு. தொட்டி காலியானாலும் மூன்று எரியும். அதை நம்பித் தலைக்கு ஷாம்பு போட்டுவிட்டு, பாதியில் தண்ணீர் நின்றதும் போகோமிரைத் திட்டுவது அவர் மனைவி மில்காவின் கோடைக்கால வழக்கம். மார்ச் மாதம் மில்கா இறந்துபோனாள். வண்டியைத் தனியாக ஓட்ட அவருக்கு மனசில்லை.

லுட்விக் புது மீட்டரைப் பொருத்தினார். நல்ல தண்ணீர்த் தொட்டி பூஜ்யம், குளித்த தண்ணீர் சேரும் தொட்டி பூஜ்யம். இரண்டு தொட்டியையும் அன்று காலையில்தான் வடித்திருந்தார்கள்.

மறுநாள் குளித்த தண்ணீர் நாற்பது சதவீதம் என்றது. நல்ல தண்ணீர் அதே பூஜ்யம்.

"டேய், புதுசும் பொய் சொல்லுதுடா" என்று லுட்விக்கை மறுபடி வரவழைத்தார் போகோமிர்.

"அது என்ன நீயா, பொய் சொல்ல? தொட்டி அடைப்பானைத் திறந்து பாரு."

திறந்தார்கள். நாலு வாளி நுரைத் தண்ணீர் வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. லுட்விக், ஊற்றி வைத்த பிளம் சாராயத்தைக்கூடத் தொடாமல் கிளம்பிப் போய்விட்டார்.

போகோமிர் மாரிபோர்க்காரரை அழைத்து, வர வேண்டாம் என்றார். பிறகு குழாயைச் செருகி நல்ல தண்ணீரை நூறுக்கு நிரப்பினார். வண்டியைப் பூட்டிவிட்டு, வீட்டுக்குள் போய்ப் படுத்தார்.

காலையில் மீட்டர் நல்ல தண்ணீர் பன்னிரண்டு என்று காட்டியது.

"ஒரு தலைக்கு இவ்வளவு தண்ணியாடி?" என்று குரலை உயர்த்தாமல் கேட்டுவிட்டு, மறுபடி குழாயை எடுத்துவரப் போனார்.