முட்டாத மாடு

இடது கண்ணில் கறுப்பு மூடியைப் போட்டதும் மார்கிறட்டுக்கு உலகமே அணைந்துபோனது.

வலது கண் பார்க்கிறவர்களுக்கு நல்ல கண்தான். இமைக்கும், அழும், வெங்காயம் உரித்தால் எரியும். ஆனால் அதனால் எதையும் பார்க்க முடியாது. போர்க்காலத்தில், இயக்கத்தில் இருந்த வயதில் தலைக்குள் புகுந்த ஒரு சின்ன இரும்புத் துண்டு அந்தப் பார்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இது அவள் கணவன் றொனால்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். மகள் டினுஷாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

கண் போனது தெரிந்தால் எப்படிப் போனது என்று கேட்பாள். அதைச் சொன்னால் மற்றது எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். பெரியகல்லாற்றில் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டு, ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற ஒரு சாதாரண அம்மாவை மார்கிறட் பாடுபட்டு உண்டாக்கி வைத்திருந்தாள். பிள்ளைக்கு அந்த அம்மா போதும் என்பது அவள் முடிவு.

"வாசிங்க அன்ரி," என்றான் கண் சோதிக்கும் நிதுர்ஷன்.

களுவாஞ்சிக்குடியில் ஒரு கண்ணாடிக் கடை அது.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பார்த்தாள். ஓய்வுபெற்ற அரச படைக்காரர் இரண்டு பேர் தங்கள் அட்டையைக் காட்டி முன்னுக்குப் போனார்கள். மார்கிறட்டின் கழுத்திலும் ஒரு காலம் இயக்கம் கொடுத்த எண் பொறித்த தகடு தொங்கியது. அதைக் காட்டி முந்திப் போகக்கூடிய வரிசை எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை.

அவளுடைய முறை வந்தபோது, பழைய காயம் ஏதும் உண்டா என்று தாதி கேட்டாள். பக்கத்தில் மகள் நின்றாள். தலை சுற்றுகிறது என்று சொல்லி எழும்பி வந்தவள்தான்.

ஆனால் ஊசியில் நூல் கோக்க அம்மா படும் பாட்டைப் பார்த்த டினுஷா விடுவதாக இல்லை. இன்றைக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்துவிட்டாள். பிடித்தது வழக்கம்போல வலது கையைத்தான். பஸ்ஸில் இருந்தாலும் வலது பக்கம், சேர்ச்சில் இருந்தாலும் வலது பக்கம். இவ்வளவு வளர்ந்த பிறகும் பசை போட்டதுபோல அந்தப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு திரிவாள்.

மார்கிறட்டும் சும்மா வந்து கதிரையில் இருக்கவில்லை. இயக்கத்தில் அவள் வேலை வோக்கிடோக்கியில் வருகிற எண்களைக் கேட்டு, தாளில் எழுதாமல், அப்படியே மறுபக்கம் சொல்வது. ஒருமுறை காதில் விழுந்தால் போதும். இவளுக்கு முன்னால் கண் காட்டிய காத்தான்குடி அசனார், திரைக்கு அந்தப் பக்கம் இருந்து சுவரில் தொங்கிய எண் அட்டையை ஊருக்கே கேட்கும்படி வாசித்திருந்தார். அத்தனை எண்ணும் அவள் தலைக்குள் பத்திரமாக இருந்தது.

கும்மிருட்டுக்குள் இருந்துகொண்டு மேல்வரியிலிருந்து கடகடவென்று சொல்லி முடித்தாள். கடைசி வரியைக்கூட விட்டுவைக்கவில்லை.

"ஒம்பது, மூண்டு, ஆறு, ரெண்டு."

நிதுர்ஷன் சிரித்தான். "அசனார் காக்காவும் அந்த அஞ்ச ஆறு எண்டுதான் வாசிச்சவர்."

வோக்கியில் இருப்பவள் வந்ததைத் திருத்தக் கூடாது, வந்தபடியே கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அசனாரின் பிழையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

அவன் குச்சியால் அட்டையில் எங்கேயோ தட்டினான்.

"இது என்ன நம்பர், அன்ரி?"

தட்டிய சத்தம் கேட்டது. எங்கே தட்டினான் என்பது தெரியவில்லை. எந்த எண்ணைச் சொல்வது?

"அண்ணா, அம்மாக்கு அந்தக் கண் தெரியாது. மற்றக் கண்ண மட்டும் பாருங்க."

டினுஷாவின் குரல். மிகக் கிட்டத்தில், வலது பக்கத்திலிருந்து.

"ஏன், என்ன நடந்த?"

இத்தனை வருடமும் மார்கிறட் ஓடி ஒளிந்த கேள்வி அதுதான். இப்போது ஓட இடமில்லை. கதிரையின் பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"சின்னதில மாடு முட்டினது," என்றாள் டினுஷா, கடையில் உப்புக் கேட்பவள்போல.

"ஐயோ பாவம்," என்று சொல்லிக்கொண்டே நிதுர்ஷன் மூடியை எடுத்து, இடது கண்ணுக்கு ஒரு வில்லையைப் போட்டான்.

வெளிச்சம் வந்தது. அட்டை வந்தது. அசனாரின் ஆறு நல்ல வடிவான ஐந்தாக நின்றது. மார்கிறட் அதைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி மகளைப் பார்த்தாள். டினுஷா கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சீனிப் போத்தலைக் களவாகத் திறந்துவிட்டு நிற்கும்போதும் பிள்ளை இப்படித்தான் நிற்பாள்.

வலதுக்குப் பவர் இல்லாத சும்மா கண்ணாடி போடலாம், பின்னேரம் வந்து எடுங்கள் என்றான் நிதுர்ஷன். மண்ணிறச் சட்டத்தை டினுஷாவே தெரிந்தெடுத்தாள்.

படியிறங்கியதும் வந்து அம்மாவின் வலது கையைப் பிடித்தாள். அந்தப் பக்கமாக ஒரு லொறி உரசுவதுபோலப் போனது. மார்கிறட்டுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நடக்கப் பழகிய காலத்தில் இந்தப் பிள்ளை இடது பக்கம் நடந்தவள். எப்போது பக்கம் மாறினாள் என்று யோசித்துப் பார்த்தாள். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோதே வலது பக்கம்தான். பெற்றவளுக்கு அழுகை வந்தது. கூடவே, மாட்டை நினைக்கச் சிரிப்பும் வந்தது.

"அது என்ன மாடு, மகள்?"

"சிவல மாடு. அப்பாவும் நானும் எப்பவோ பேசி வெச்சிட்டம்," என்றாள் டினுஷா, வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தபடி. "ஆரும் கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க."