வாய்விட்டுப் படிக்கிறவர்

"இனிமே இவர் நமக்கு வேண்டாம். சரின்றவங்க கை தூக்குங்க" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

'இவர்' என்றால் காம்பவுண்டர். அவரும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் பேசினால் நன்றாயிருக்காது என்று நேருக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

எங்களுடையது ஐந்து பேர் கொண்ட சினிமா வட்டம். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, போட்டோக்காரரின் ஸ்டூடியோவில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்காருவோம். ஒரே விஷயத்தைப் பேசும் இரண்டு வெளிநாட்டுப் படங்கள். ஒன்று பழசு, ஒன்று புதுசு. போன மாதம் 'பசி'. அதற்கு முந்தின மாதம் 'காத்திருத்தல்'. நடுவில் டீ. முடிந்ததும் இரண்டையும் அலசிப் பிழிந்து காயப்போட்டுவிட்டுத்தான் கிளம்புவோம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காம்பவுண்டரின் வாயைத் தவிர. திரையில் ஓடும் தமிழ் சப்டைட்டிலை ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படிப்பார். சத்தமாக இல்லை, முணுமுணுப்புதான். அதுதான் கொசு மாதிரி காதைக் குடையும். நான் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். வாரம் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறேன். இங்கேயும் ஒருத்தர் பாடம் படித்தால் மனுஷன் என்னதான் செய்வான்?

சொல்லிப் பார்த்தோம். பழக்கமாகிவிட்டது என்று சிரிப்பார். அடுத்த படத்தில் மறுபடி அதே கதை.

அன்றைய ஜோடி 'மன்னிப்பு'. முதல் படத்தில், ஜெயிலிலிருந்து திரும்பிய தம்பி அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அண்ணன் என்ன சொல்லப்போகிறான் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, "உள்ளே வா, சாப்பாடு ஆறுது" என்று காம்பவுண்டரின் குரல் முந்திக்கொண்டது. என் பொறுமை போயே போய்விட்டது. அதனால்தான் டீ இடைவேளையில் இந்த ஓட்டெடுப்பு.

முதலில் என் கை ஏறியது. அடுத்தது போட்டோக்காரர். பல் டாக்டரம்மா, தனக்கும் வருத்தம்தான் என்று சொல்லிக்கொண்டே அரைக் கை தூக்கினார்.

மிச்சம் மேஸ்திரி. கட்டட வேலை பார்க்கிறவர் என்றாலும் எங்கள் வட்டத்தின் மூளை அவர்தான். நாங்கள் கேமரா, வெளிச்சம் என்று அளந்துகொண்டிருப்போம். அவரோ, "அந்தம்மா கடைசி வரைக்கும் கோட்டைக் கழட்டவே இல்லை, பார்த்தீங்களா?" என்று ஒரே வரியில் மொத்தப் படத்தையும் திறந்து காட்டிவிடுவார். நாலு வருஷமாகக் காம்பவுண்டருக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. வருவதும் போவதும் ஒன்றாகத்தான்.

காம்பவுண்டர் நிமிர்ந்து அவரை ஒரு தடவை பார்த்தார்.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு கையைத் தூக்கினார்.

கூட வந்த சிநேகிதனே கைவிட்டுவிட்டான். தீர்மானம் கொண்டுவந்த நானே அதை எதிர்பார்க்கவில்லை. காம்பவுண்டர் தன் டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே போனார்.

இரண்டாவது படம் ஓடியது. ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிக்காத அக்கா, தங்கை. படம் முழுக்கக் கடிதங்கள்தான். மன்னித்துவிட்டேன் என்று அக்கா எழுதிய கடைசிக் கடிதம், அவள் செத்துப் பத்து நாள் கழித்துத் தங்கைக்குக் கிடைக்கிறது. முணுமுணுப்பே இல்லாத அமைதி. படம் என்றால் இப்படியல்லவா பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கைப் போட்டதும் வழக்கம்போல மேஸ்திரியின் வாயைப் பார்த்தோம்.

ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்த அக்கா கடைசியில ஊருக்குத் திரும்பிடுவா, இல்ல?" என்றார்.

டாக்டரம்மா சொக்கிப்போனார். சாவையே ஊர் திரும்புவதாகப் பார்க்கிறாரே, என்ன ஒரு கோணம் என்று போட்டோக்காரர் வியந்தார். நானும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மேஸ்திரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கோணமும் இல்லை, ஒண்ணும் இல்லைங்க. அவ செத்துட்டான்னு நீங்க சொல்லித்தான் தெரியுது. எனக்கு எழுத்துன்னா என்னன்னே தெரியாது. மாத்திரை அட்டையை வச்சுக்கிட்டு முழிச்ச அன்னிக்கே அவன் கண்டுபிடிச்சுட்டான். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. இத்தனை நாளா எனக்குத்தான் படிச்சான். நான் அவனுக்கு எதிராவே கையைத் தூக்கிட்டேன்."

பிழை கண்டுபிடிப்பது என் தொழில். நாலு வருஷமாக ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் இது என் கண்ணில் படவில்லை.

எப்படியாவது பிடித்துக் கூட்டிவந்துவிடலாம் என்று வெளியே ஓடினேன். ஓட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. காம்பவுண்டர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார், திரையின் இடுக்கில் ஒரு கண்ணை வைத்தபடி.

என்னைப் பார்த்ததும் பதறி, குடையைத் தேடுவதாக ஏதோ உளறினார். மேஸ்திரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றேன். குடைப் பேச்சை விட்டுவிட்டார்.

"வீட்டுக்குப் போற வழியில அவனுக்கு ரெண்டாவது படத்துக் கதையைச் சொல்லணுமேன்னு நின்னேன்" என்றார்.

என் வாயில் வந்தது அசட்டுக் கேள்விதான். "அவரே உங்களுக்கு எதிரா கை தூக்கினாரே?"

"நான்தானே தூக்குன்னு கண்ணைக் காட்டினேன்" என்றார் காம்பவுண்டர். "அவன் தூக்கலேன்னா, ஏன்னு கேட்டிருப்பீங்களே."